வானம் பாக்கத் தொடங்கிறவைக்கு எந்த பைனாகுலர்? நிக்கோன் அக்குலோன் 10×50, யாழ்ப்பாணத்தில இருந்து பாத்த அளவில

முதல்லயே முடிவைச் சொல்லிப்போட்டுக் காரணத்துக்குப் பிறகு வாறன். வானம் பாக்கிற ஆசையில முதல்தரமாக் காசு செலவழிக்கப் போறீங்கள் எண்டா ரெலஸ்கோப்பை இப்போதைக்கு விடுங்கோ, ஒரு பைனாகுலர் வாங்குங்கோ, அதிலயும் 10×50 எண்டு போட்ட, போரோ பிறிசம் உள்ள (முன் குழலும் கண் வைக்கிற குழலும் ஒரே நேரில இல்லாம விலகி நிக்கிற பழைய வடிவம்), பேர் தெரிஞ்ச கொம்பனி ஒண்டின்ர சாமானாப் பாத்து வாங்குங்கோ. என்னட்ட இருக்கிறது நிக்கோன் அக்குலோன் ஏ211 10×50. கனடாவில இருந்து வந்த மாமா கொண்டு வந்து தந்தவர். கொக்குவில்ல எங்கட வளவுக்குள்ள இருந்தும், தீவுப் பக்கம் போயும் கன நாளாப் பாத்து வாறன், அதோட மச்சான்ர 15×70 ஒண்டையும் சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன் வச்சிருக்கிற பழைய 7×50 ஒண்டையும் பக்கத்தில வச்சு மாறி மாறிப் பாத்திருக்கிறன், அதை வச்சுத்தான் இதை எழுதுறன்.

ரெலஸ்கோப் ஏன் இப்ப வேண்டாம் எண்டா, விலை குறைஞ்ச ரெலஸ்கோப்புகளில லென்ஸை விட ஸ்ராண்ட்தான் பெரிய கரைச்சல், தொட்டா ஆடும், ஆட்டம் நிக்கக் கன நேரம் எடுக்கும், வானத்தில ஒரு சின்னத் துண்டுதான் தெரியும் எண்டதால எதைப் பாத்துக்கொண்டிருக்கிறம் எண்டே புதுசா வாற ஆளுக்குப் பிடிபடாது, படமும் தலைகீழா நிக்கும். பைனாகுலர் எண்டா கண் பாத்த பக்கம் தூக்கிப் பிடிச்சாச் சரி. பிறகு ஆசை கூடி ரெலஸ்கோப் வாங்கினாலும் இது வீண் போகாது, பெரிய ரெலஸ்கோப் வச்சிருக்கிறவையும் முதல்ல பைனாகுலரால இடத்தைத் தேடிப் பிடிச்சுப்போட்டுத்தான் ரெலஸ்கோப்பை அங்கால திருப்புவினம்.

இனி அந்த ரெண்டு இலக்கம். 10×50 எண்டா பத்து மடங்கு பெருசாக் காட்டும், முன் லென்ஸின்ர விட்டம் 50 மில்லிமீற்றர். கடைக்குப் போற ஆக்கள் எல்லாரும் முதல் இலக்கத்தைத்தான் பாக்கினம், எத்தினை மடங்கு, எத்தினை மடங்கு எண்டு. இரவு வானத்துக்கு ரெண்டாவது இலக்கம்தான் முக்கியம், ஏன் எண்டா நட்சத்திரம் எங்களுக்குத் தெரியாமப் போறது அது தூரத்தில இருக்கெண்டதால இல்லை, அதில இருந்து வாற வெளிச்சம் கண்ணுக்குக் காணாது எண்டதால. நல்ல இருட்டில எங்கட கண்மணி 7 மில்லிமீற்றர் மட்டும் விரியும் எண்டு வைப்பம், 50 மில்லிமீற்றர் லென்ஸ் அதை விட ஏறக்குறைய அம்பது மடங்கு வெளிச்சத்தைப் பிடிச்சுத் தருது.

அந்த 50ஐ 10ஆல பிரிச்சா 5 வரும். பைனாகுலருக்குப் பின்னால வெளிச்சம் ஒரு சின்ன வட்டமா வெளிய வரும், அந்த வட்டத்தின்ர அகலம்தான் இந்த 5 மில்லிமீற்றர். 7×50இல அது 7 மில்லிமீற்றருக்கு மேல. பெடியளின்ர கண்மணி அந்தளவுக்கு விரியும், ஆனா வயசு போகப் போக விரியிறது குறைஞ்சு நடுத்தர வயசில 5க்குக் கிட்ட வந்திடும், அப்ப 7×50 தாற வெளிச்சத்தில ஒரு பங்கு கண்ணுக்குள்ள போகாமலே வெளிய விழும். அது மட்டுமில்லை, இப்ப எங்கட றோட்டு முழுக்க வெள்ளை எல்ஈடி லைற், ரவுணுக்குள்ள இருந்து பாத்தா வானமே சாம்பல் நிறம், அந்த நேரம் 7×50இல பின்வானமும் சேர்ந்து வெளிறித் தெரியும், 10×50இல அதே இடம் இன்னும் கறுப்பாத் தெரிஞ்சு நட்சத்திரம் எடுப்பா நிக்கும். பெடியன்ர 7×50ஐயும் என்ர 10×50ஐயும் ஒரே கதிரையில இருந்து மாத்தி மாத்திப் பாக்கேக்க இது கண்ணுக்கு நல்லா விளங்கிச்சுது. நெடுந்தீவு மாதிரி இருட்டான இடத்தில இருக்கிறவைக்கும், கை நடுங்கிற ஆக்களுக்கும் 7×50 நல்ல சாமான்தான், அதை நான் குறை சொல்லேல்லை. 8×42ம் நல்லது, பாரம் குறைவு, பறவை பாக்கவும் உதவும், ஆரியகுளத்தடியில கொக்கு பாக்கிற ஆளுக்கு அதைத்தான் சொல்லுவன். வானம் மட்டும் எண்டா 10×50.

இப்ப கடைக்கு வாறன், ஏன் எண்டா இஞ்சதான் கனபேர் ஏமாறுறது. ரவுணில ஒரு கடை, பேர் வேண்டாம், கண்ணாடிப் பெட்டிக்குள்ள வடிவா அடுக்கி வச்சிருந்தினம், 60×60 எண்டு பெரிய எழுத்தில, முன் லென்ஸ் நல்ல சிவப்பா மாணிக்கக் கல்லு நிறத்தில மினுங்குது. "அண்ணை, எடுத்துப் பாருங்கோ, அறுபது மடங்கு, சந்திரன்ர குழியெல்லாம் தெரியும்" எண்டு அந்தத் தம்பி சொன்னவன். அவனில பிழை இல்லை, பெட்டியில இருக்கிறதைத்தான் வாசிக்கிறான். நான் பையில இருந்த அடிமட்டத்தை எடுத்தன். கண்ணில வச்சுப் பாக்கிற பக்கத்தை எனக்கு நேரா, ஒரு முழம் தள்ளிப் பிடிச்சுக்கொண்டு, வாசலால வாற வெளிச்சத்துக்குத் திருப்பினா பின் லென்ஸுக்குள்ள அந்த வெளிச்ச வட்டம் தெரியும். 60ஐ 60ஆல பிரிச்சா 1 மில்லிமீற்றர்தான் வரவேணும். அடிமட்டத்தை வச்சுப் பாத்தா மூண்டரை. முன் லென்ஸை அளந்தா 35. அப்ப 35ஐ மூண்டரையால பிரியுங்கோ, பத்து. அறுபதும் இல்லை, அறுபது மில்லிமீற்றரும் இல்லை, அது ஒரு சாதாரண 10×35. அந்தத் தம்பிக்கும் அளந்து காட்டினன், அவனும் எட்டிப் பாத்து ஆச்சரியப்பட்டான்.

உண்மையாவே அறுபது மடங்கு எண்டாலும் அதைக் கையில பிடிச்சுப் பாக்க ஏலாது. பத்து மடங்கு பெருசாத் தெரியிற சாமானில உங்கட கை நடுக்கமும் பத்து மடங்காத் தெரியும், அதுதான் மனுசர் கையால தாங்கக்கூடிய எல்லை. அதே மாதிரி 10-30×50 எண்டு ரெண்டு இலக்கத்துக்கு நடுவில கோடு போட்ட ஸூம் பைனாகுலர்கள், அதையும் வாங்காதேங்கோ, ஸூம் பண்ணேக்க ரெண்டு குழலும் சரியா ஒண்டாப் போகாது, பாக்கிற அகலமும் நல்லாச் சுருங்கிப் போகும். சிவப்பு லென்ஸையும் விடுங்கோ. அந்தச் சிவப்புப் பூச்சு சிவப்பு வெளிச்சத்தை உள்ள விடாமத் திருப்பி அனுப்புது, கஷ்டப்பட்டு வந்த வெளிச்சத்தில ஒரு பங்கை வாசல்லயே திருப்பி அனுப்பிற சாமான் எங்களுக்கு எதுக்கு? நல்ல லென்ஸில பச்சையும் ஊதாவும் கலந்த ஒரு மங்கல் நிறம் தெரியும், ரியூப் லைற்றின்ர விம்பம் அதில மங்கலா விழும், வெள்ளையாப் பளிச்செண்டு விழுந்தா அந்தப் பக்கம் பூச்சு இல்லை எண்டு அர்த்தம். பெட்டியில "ஃபுல்லி மல்ரி கோட்டட்" எண்டு இருந்தா எல்லா லென்ஸிலயும் பல தட்டுப் பூச்சு இருக்கு. வெறும் "கோட்டட்" எண்டா பேருக்கு எங்கயோ ஒரு தட்டு.

அந்த வெளிச்ச வட்டத்தைப் பாக்கேக்கயே இன்னொண்டையும் பாத்திடுங்கோ. வட்டம் முழு வட்டமா இருக்கோ, இல்லாட்டி நாலு பக்கமும் வெட்டுப்பட்டு சதுரம் மாதிரிச் சாம்பல் ஓரத்தோட இருக்கோ எண்டு. உள்ளுக்குப் பிறிசம் பாக்-4 கண்ணாடியில செய்திருந்தா வட்டமா வரும், பிகே-7 எண்ட மலிவான கண்ணாடி எண்டா ஓரம் வெட்டுப்படும். பிகே-7 எண்டு ஒரேயடியாத் தூக்கி எறியத் தேவையில்லை, நடுவில படம் நல்லாத்தான் இருக்கும், ஆனா ஒரே விலைக்கு ரெண்டும் கிடைச்சா வட்டத்தை எடுங்கோ.

பிறகு ரெண்டு குழலும் ஒரே பக்கம் பாக்குதோ எண்ட சோதனை, இதை விட்டிட்டு மட்டும் வந்திடாதேங்கோ. கடைக்காரரைக் கேட்டுப்போட்டு வாசலுக்கு வந்து தூரத்தில இருக்கிற கோபுரக் கலசம், ரெலிபோன் டவர் நுனி, அப்பிடி ஒண்டைப் பாருங்கோ. ஒரு நிமிசம் ஆறுதலாப் பாத்திட்டு கண்ணை எடுக்கேக்க கண் இழுக்கிற மாதிரி, நெத்திக்குள்ள வலிக்கிற மாதிரி இருந்தா அந்தச் சாமானை மேசையில வச்சிட்டு வாங்கோ. இரவில இன்னும் வடிவாப் பிடிக்கலாம், ஒரு வெளிச்சமான நட்சத்திரத்தைப் பாத்து வலது கண் வளையத்தைத் திருகி அந்தப் பக்கத்தை மட்டும் மங்கலாக்குங்கோ, இடது கண்ணில புள்ளி, வலது கண்ணில ஒரு பெரிய மங்கல் வட்டம், புள்ளி வட்டத்துக்குள்ள நிண்டாச் சரி, வெளிய நிண்டா குழல் விலகியிருக்கு. இது புதுச் சாமானிலயும் வரும், கூரியரில போட்டு அடிச்சுக்கொண்டு வந்த சாமானில இன்னும் கூட வரும். வீட்டில திருத்திற வேலை இல்லை, மாத்தித் தரச் சொல்லிக் கேக்கவேணும், அதுக்குத்தான் திருப்பி எடுக்கிற இடத்தில வாங்கச் சொல்லுறது.

இப்ப அக்குலோனுக்கு வாறன். பாரம் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 900 கிராம் அளவு. பாக்கிற அகலம் ஆறரைப் பாகை, பெட்டியில 114 மீற்றர்/1000 மீற்றர் எண்டு எழுதியிருக்கிறதும் அதுதான். பூரணைச் சந்திரன் அரைப் பாகை, அப்ப பதின்மூண்டு சந்திரனை வரிசையா அடுக்கினா இந்த வட்டத்துக்குள்ள கொள்ளும். நடுவில நட்சத்திரம் ஊசி குத்தின அளவுக்கு நிக்குது, ஃபோகஸ் சில்லு நல்ல பெருசு, இருட்டில விரல் தானாப் போய் நிக்கும். இந்த விலைக்கு வாற 10×50 எதை எடுத்தாலும் ஓரத்துக்குப் போகப் போக நட்சத்திரம் கொஞ்சம் இழுபட்டுத் தெரியும், பாக்க வேண்டியதை நடுவில வச்சுப் பாத்தா அது ஒரு பிரச்சினையே இல்லை. ஒலிம்பஸ் 10×50 டிபிஎஸ்-1ம் இதே தரம்தான், அதுவும் ஆறரைப் பாகை, கிடைச்சா யோசிக்காம எடுக்கலாம்.

கண்ணாடி போடுறவை இதைக் கவனமா வாசியுங்கோ. பின் லென்ஸில இருந்து கண் எவ்வளவு தள்ளி நிக்கலாம் எண்டு ஒரு கணக்கு இருக்கு, அக்குலோன் 10×50இல அது 11.8 மில்லிமீற்றர்தான். கண்ணாடியோட பாத்தா கண் அவ்வளவு கிட்டப் போகாது, வட்டத்தின்ர நடுப் பகுதி மட்டும்தான் தெரியும். கிட்டப்பார்வை தூரப்பார்வை மட்டும் எண்டா கண்ணாடியைக் கழட்டிப்போட்டு ஃபோகஸ் சில்லைத் திருகினாச் சரி, அது உங்கட கண்ணுக்கு ஏத்த மாதிரித் தானா வந்திடும். ஆனா அஸ்டிக்மாற்றிசம் (கண்ணின்ர வளைவு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லாத குறை) இருந்தா கண்ணாடி இல்லாமப் பாக்கேக்க ஒவ்வொரு நட்சத்திரமும் கோடாத் தெரியும். என்ர அக்காவுக்கு அப்பிடித்தான், அவவுக்கு இது சரிவராது. அப்பிடியான ஆக்கள் 15 மில்லிமீற்றருக்கு மேல உள்ளதாப் பாருங்கோ, நிக்கோன்லயே அக்சன் ஈஎக்ஸ் 10×50 எண்டு ஒண்டு இருக்கு, அது 17.2 மில்லிமீற்றர், தண்ணியும் உள்ள போகாது, பாரமும் விலையும் கூட. அக்குலோன் தண்ணி தாங்கிற சாமான் இல்லை, அதை மறக்காதேங்கோ.

பிடிக்கிற விதம். எழும்பி நிண்டு கழுத்தை நிமித்திப் பாத்தா ஐஞ்சு நிமிசத்தில கை ஓய்ஞ்சிடும், நட்சத்திரம் எல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு ஓடும். எங்கட வீடுகளில சும்மா கிடக்கிற சாய்மனைக் கதிரை இருக்கெல்லோ, அதைத் தூக்கி முத்தத்தில போடுங்கோ. சாஞ்சு இருந்து, முழங்கையைக் கதிரைக் கையில ஊண்டி, பைனாகுலரைப் பின்னால பிடியாம முன் குழல் பக்கத்தில பிடிச்சுப் பாருங்கோ, படம் நிக்கிற நிலை வேற. ட்ரைபொட் அடப்டர் எண்டு ஒரு எல் மாதிரித் துண்டு விக்குது, குழல் ரெண்டும் சேர்ற நடுத் தண்டின்ர முன்பக்க மூடியைக் கழட்டினா உள்ள திருகு ஓட்டை இருக்கும், அதில பூட்டலாம். தெற்குப் பக்கம் தாழ இருக்கிறதைப் பாக்க அது நல்லது. ஆனா யாழ்ப்பாணம் ஒம்பதரைப் பாகை வடக்கில இருக்கெண்டதால திருவாதிரை நட்சத்திரம் உள்ள ஓரியனும் கார்த்திகைக் கூட்டமும் எங்களுக்கு உச்சிக்குக் கிட்டப் போகும், உச்சியை ட்ரைபொட்டில வச்சுப் பாக்கிறது கழுத்துக்குத் தண்டனை. அதுக்குக் கதிரைதான்.

சரி, என்னத்தைப் பாக்கிறது? பூரணையில பாக்காதேங்கோ, சந்திரன் தட்டையா வெள்ளையாக் கண்ணைக் கூசும். அரைச் சந்திரனில பாருங்கோ, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டில குழிகளின்ர விளிம்பு நிழலோட எழும்பி நிக்கும். அமாவாசை கழிஞ்ச மூண்டாம் பிறையில இருட்டுப் பக்கமும் மங்கலாத் தெரியும், அது பூமியில பட்டுத் திரும்பிப் போற சூரிய வெளிச்சம். வியாழனைக் கையை நல்லா ஊண்டிப் பாத்தா பக்கத்தில ஒரே கோட்டில சின்னச் சின்னப் புள்ளி, கலிலியோ 1610 ஜனவரியில கண்ட அதே நாலு சந்திரன். அடுத்த நாள் பாத்தா இடம் மாறியிருக்கும், இதைத்தான் சின்னப் பிள்ளையளுக்கு முதல்ல காட்டவேணும். சனியின்ர வளையம் பத்து மடங்கில தெரியாது, ஆரும் தெரியும் எண்டு சொல்லி வித்தா நம்பாதேங்கோ.

கலியாண வீட்டில அருந்ததி காட்டிறது எண்டு பகல்லயே ஐயர் வானத்தைக் கை காட்டுவார் எல்லோ, அந்த அருந்ததியை உண்மையாப் பாக்க ஆசை எண்டா சித்திரை வைகாசியில வடக்கால சப்தரிஷி மண்டலத்தின்ர வாலில நடு நட்சத்திரத்தைப் பாருங்கோ. வசிட்டரும் அருந்ததியும் பைனாகுலரில நல்லாப் பிரிஞ்சு நிப்பினம். கார்த்திகைக் கூட்டத்தில வெறும் கண்ணுக்கு ஆறு ஏழு எண்ணலாம், 10×50இல முழுக்கூட்டமும் வட்டத்துக்குள்ள கொண்டு நீல நிறத்தில நிறைஞ்சு போகும். பூச நட்சத்திரத்தைச் சாத்திரத்தில எத்தினை தரம் கேட்டிருப்பியள், வெறும் கண்ணுக்கு அது கடக ராசிக்குள்ள ஒரு மங்கல் மாசு, பைனாகுலரில பாத்தா அது ஒரு நட்சத்திரக் கூட்டமே. ஆடி ஆவணியில தேளின்ர வால் பக்கம், மூல நட்சத்திரத்துக்குக் கிழக்கால ரெண்டு கூட்டம் பக்கத்தில பக்கத்தில, வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்களுக்கு அது அடிவானத்தில தூசிக்குள்ள, எங்களுக்கு பாதி வானம் மேல.

ஆனா எனக்கு எல்லாத்திலயும் பெருசு ஒமேகா செந்தோரி. 17,000 ஒளியாண்டு தூரத்தில, ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரம் ஒரே உருண்டையாச் சேர்ந்து நிக்கிற கூட்டம். ரொரன்ரோவில இருந்தும் லண்டனில இருந்தும் இது அடிவானத்துக்கு மேல வரவே வராது. மாமா இந்தப் பைனாகுலரைக் கொண்டு வந்து தந்திட்டு இரவு என்னோட கதிரையில இருந்து இதைத்தான் முதல்தரமாப் பாத்தவர், "இவ்வளவு காலமும் இது இஞ்சயே இருந்ததோ" எண்டு கேட்டவர். பிடிக்கிறது லேசு, வைகாசியில இரவு ஒம்பது பத்து மணிக்குச் சித்திரை நட்சத்திரம் தெற்குக்கு மேல உச்சமா நிக்கேக்க அதில இருந்து நேர கீழ வாங்கோ, கையை நீட்டிப் பொத்திப் பிடிச்சா மூண்டரைப் பொத்தின கை அகலம். கறுப்புத் துணியில அரிசிமாத் தொட்ட விரலை ஒத்தி எடுத்த மாதிரி ஒரு வட்டம், நடு அடர்த்தி, ஓரம் கரைஞ்சு போகும். தெற்குப் பக்கம் லைற் இல்லாத இடமாப் பாருங்கோ, எங்கட வீட்டில அந்தப் பக்கம் ரவுண் வெளிச்சம், அதால சாட்டிக் கடற்கரைப் பக்கம் போய்ப் பாத்தாத்தான் எனக்குத் திருப்தி. வடமராட்சி ஆக்களுக்கு மணற்காடு இருக்கு. ஒண்டு மட்டும், கடற்கரையில ஆமிக் காம்ப் இருக்கிற பக்கத்துக்கோ ஆற்றையும் வீட்டுப் பக்கத்துக்கோ பைனாகுலரைத் திருப்பாதேங்கோ, ஆரும் வந்து கேட்டா அவையையும் இருத்தி ஒருக்காக் காட்டுங்கோ. ரோச்சுக்குச் சிவப்புத் தாள் கட்டுங்கோ, ஃபோனில ஸ்டெல்லாரியம் எண்ட வான வரைபட ஆப்பைப் போட்டு அதையும் சிவப்பு நிறத்துக்கு மாத்தி வையுங்கோ, ஒருக்கா வெள்ளை வெளிச்சம் பாத்தா கண் திரும்ப இருட்டுக்குப் பழக அரை மணித்தியாலம் கிட்டப் போகும்.

காலம் எண்டு பாத்தா ஐப்பசி கார்த்திகை மழை முகிலில ஒண்டும் நடக்காது, மழைக்கு நடுவில வானம் கழுவி விட்டு ஒரு இரவு வெளிச்சா மட்டும் விடாதேங்கோ. தை கடைசியில இருந்து சித்திரை மட்டும் எங்களுக்கு நல்ல காலம். சோளகம் (தென்மேல் காத்து) பிடிச்சாப் புழுதி, அடிவானம் முழுக்க மங்கல், அப்ப உச்சிப் பக்கத்தை மட்டும் பாருங்கோ.

மச்சான்ர 15×70ஐப் பற்றியும் சொல்லவேணும், ஏன் எண்டா கனபேர் அதைத்தான் கேக்கினம். செலஸ்ரொன் ஸ்கைமாஸ்டர் 15×70 அந்த வகையில கனபேருக்குத் தெரிஞ்ச பேர், அது ஒண்டரைக் கிலோவுக்குக் கிட்ட, பாக்கிற அகலம் 4.4 பாகை. ட்ரைபொட்டில பூட்டி வச்சுப் பாத்தா ஒமேகா செந்தோரி 10×50ஐ விட நல்லாப் பெருசு, வியாழன்ர சந்திரன்களும் சுத்தமாப் பிரிஞ்சு நிக்கும். ஆனா ட்ரைபொட் இல்லாம அதைத் தூக்கினா ஒரு நிமிசம்கூடப் பிடிக்க ஏலாது, மலிவு ட்ரைபொட் அந்தப் பாரத்துக்குத் தலை கவிழும், அப்ப நல்ல ட்ரைபொட்டுக்கும் சேர்த்துக் காசு வேணும். முதல் சாமானா வாங்கிறவை பைனாகுலரையும் ட்ரைபொட்டையும் வெளிய தூக்கிறதுக்குப் பஞ்சிப்பட்டே பாக்காம விட்டிடுவினம். ரெண்டாவதா வாங்குங்கோ.

கவனிப்பு. எங்கட உப்புக் காத்துக்கும் ஈரத்துக்கும் லென்ஸுக்குள்ள பூஞ்சணம் பிடிக்கும், ஒருக்காப் பிடிச்சா வெளியால துடைச்சு எடுக்க ஏலாது. இறுக்கி மூடிற டப்பாவுக்குள்ள சிலிக்கா ஜெல் பக்கற் போட்டு வையுங்கோ, அலுமாரிக்குள்ள துணியோட துணியா வைக்காதேங்கோ. மார்கழி தையில பனி இறங்கினா லென்ஸ் வேர்க்கும், தானாக் காயவிட்டு மூடுங்கோ. சாரத் தலைப்பால துடைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம், முதல்ல தூசியை ஊதும் பம்பால ஊதி எடுத்துப்போட்டு, கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியால மெதுவா. பழைய சாமான் வாங்கிறவை முன் லென்ஸுக்குள்ள ரோச் அடிச்சு மற்றப் பக்கத்தால பாருங்கோ, சிலந்தி வலை மாதிரி நூல் ஓடியிருந்தா அது பூஞ்சணம், விலை எவ்வளவு மலிவு எண்டாலும் விடுங்கோ. கிழக்கு ஜேர்மனியில செய்த பழைய கார்ல் சைஸ் ஜெனா எண்டு போட்டது ஆற்றையும் வீட்டில கிடந்தா, உள்ள சுத்தமா இருந்தா, அது பொக்கிசம்.

சூரியனைப் பற்றி எழுதாம விட ஏலாது. கங்கண சூரிய கிரகணம் 2010 ஜனவரி 15லயும் 2019 டிசம்பர் 26லயும் எங்கட யாழ்ப்பாணத்துக்கு மேலால போனது, திரும்ப ஏதாவது கிரகணம் வரேக்க வீட்டில பைனாகுலர் இருந்தா பிள்ளையள் எடுக்கப் பாக்குங்கள். பைனாகுலரால சூரியனைப் பாத்தா ஒரு செக்கனில கண் போகும், திரும்பி வராது. கிரகணக் கண்ணாடியைக் கண்ணில போட்டுக்கொண்டு பைனாகுலரைப் பிடிக்கிறதும் அதே ஆபத்துத்தான், முன் லென்ஸ் ரெண்டுக்கும் மேல சரியான சூரிய ஃபில்ரர் பூட்டினா மட்டும்தான் பாக்கலாம். பகல்ல பிள்ளையளுக்கு எட்டாத இடத்தில வையுங்கோ.

வாங்கிற வழி. இஞ்ச கொழும்பில இருந்து எடுப்பிக்கலாம், ஒன்லைனிலயும் வருது, விலை டொலரோட ஏறி இறங்கும், அதோட பேர் மட்டும் நிக்கோன் எண்டு அடிச்ச போலியும் கலந்து வரும், விலை நம்பேலாத அளவுக்குக் குறைவா இருந்தா அது அதுதான். அமெரிக்கா, கனடாப் பக்கம் இந்த வகை 10×50 எல்லாம் 100–150 அமெரிக்க டொலருக்குள்ள கிடைக்கும். லீவுக்கு வாற சொந்தக்காரர் ஆரும் இருந்தா அவையிட்டச் சொல்லுறதுதான் நல்ல வழி, ஆனா "ஒரு பைனாகுலர் கொண்டு வாங்கோ" எண்டு மட்டும் சொன்னா விமான நிலையத்தில கிடைக்கிற சின்னப் பொக்கற் சாமானைத்தான் கொண்டு வருவினம், 25 மில்லிமீற்றர் லென்ஸில இரவில ஒண்டும் காணாது. இப்பிடி எழுதி அனுப்புங்கோ: "மாமா, 10×50, போரோ பிறிசம், நிக்கோன் அக்குலோன் ஏ211 இல்லாட்டி ஒலிம்பஸ் டிபிஎஸ்-1, ஸூம் வேண்டாம், சிவப்பு லென்ஸ் வேண்டாம். வெளிக்கிட ரெண்டு கிழமைக்கு முதல் வாங்கி, இரவில ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கோ, ரெண்டாத் தெரிஞ்சா அங்கயே மாத்துங்கோ. பில்லை எறியாதேங்கோ. சூட்கேசில போடாம கைப்பையில கொண்டு வாங்கோ."

கண்ணாடி போடுற ஆளுக்கு எண்டா அக்சன் ஈஎக்ஸ் எண்டு மாத்தி எழுதுங்கோ. பத்து வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்கு எண்டா இது எதுவும் வேண்டாம், ரெண்டு கண்ணுக்கும் இடையில உள்ள தூரத்துக்குப் பெரிய பைனாகுலர் மடியாது, 900 கிராமையும் அந்தக் கை தாங்காது, 7×35 இல்லாட்டி 8×40 பாரம் குறைஞ்சதா ஒண்டு எடுத்துக் குடுங்கோ, வாங்க முதல் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ரெண்டு வட்டமும் ஒண்டாத் தெரியுதோ எண்டு கேட்டுப் பாருங்கோ.